பட்டறையில் பிறந்த கலை

கோவில்பதாகை என்றதும் ஆவடிப் பக்கத்துக்காரர்களுக்கு ஏரியும் சுந்தரராஜப் பெருமாள் கோவிலும்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் கடந்த அறுபது, எழுபது ஆண்டுகளாக அந்த ஊரின் அன்றாடத்தைத் தீர்மானித்தவை அதைச் சுற்றியிருக்கும் தொழிற்கூடங்கள்தான். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானம் போட்டது. 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை உருவானது. 1965-இன் கடைசியில் ஆவடியில் கட்டிய முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., சுந்தரம் கிளேட்டன், வீல்ஸ் இந்தியா என்று வரிசையாக ஆலைகள் எழுந்தன. அறுபதுகளில் ஆயிரம் ஏக்கருக்கும் மேலான பரப்பில் அம்பத்தூர் தொழிற்பேட்டை விரிந்தது. லேத், மில்லிங், பவுண்டரி, பிரஸ், வெல்டிங் என்று ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஒரு தொழில். இன்று கனரக வாகனத் தொழிற்சாலை இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அம்பத்தூர், பாடிப் பக்கம் பல பழைய ஷெட்டுகள் இருந்த இடத்தில் கண்ணாடி முகப்பு போட்ட மென்பொருள் அலுவலகங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன. மூடிய தொழிற்கூடத்தை என்ன செய்வது என்ற கேள்வி மேற்குச் சென்னைக்கு வந்து சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. இடிப்பது என்பதைத் தவிர வேறு விடை இங்கே பெரிதாக யோசிக்கப்படவில்லை.

உலகத்தின் மற்றப் பகுதிகளில் யோசித்திருக்கிறார்கள். லண்டனில் தேம்ஸ் கரையில் நின்ற பேங்க்சைடு அனல்மின் நிலையம் 1981-இல் மூடப்பட்டது. 2000-இல் டேட் மாடர்ன் என்ற கலைக்கூடமாகத் திறந்தது. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் 1986-இல் நின்றுபோன சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் இன்று அருங்காட்சியகமும் வடிவமைப்புப் பள்ளியும் கொண்ட வளாகம். 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பெய்ஜிங்கில், கிழக்கு ஜெர்மானியர் வடிவமைத்துக் கொடுத்த மின்னணு ஆலைக்குள் ஓவியர்கள் குடியேறி அது 798 கலைப்பகுதி ஆனது. இந்த உதாரணங்களை இங்கே சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: இது ஐரோப்பாவின் மோஸ்தர், அங்கே தொழில்யுகம் முடிந்துவிட்டது, நமக்கு எதற்கு? அந்தப் பதிலை ஒதுக்கித் தள்ளக் கூடாது, வரலாற்றை வைத்துத்தான் அதற்கு விடை சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: சென்னையில் நவீனக் கலை பட்டறைக்குள் போய்ச் சேர வேண்டியதில்லை, அது பட்டறையிலிருந்துதான் வந்தது. ஆகவே பழைய ஷெட்டைக் கலைக்கூடம் ஆக்கும்போது கட்டடத்தோடு பட்டறையையும் காப்பாற்றினால்தான் அது இந்த ஊருக்குப் பொருந்தும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில், எழும்பூருக்கு அருகே, செங்கல் கட்டடங்களோடு நிற்கும் அரசு கவின்கலைக் கல்லூரியிலிருந்து தொடங்கலாம். அதை 1850-இல் தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர். அவர் ஓவியர் அல்ல, கம்பெனி ராணுவத்தில் வேலை பார்த்த மருத்துவர். பிராட்வேயில் தனியார் பள்ளியாகத் தொடங்கிய அதில் வரைகலையோடு அடுத்த ஆண்டே தொழில் பிரிவும் சேர்ந்தது. பின்னர் அரசு எடுத்துக்கொண்டபோது அது தொழிற்கலைப் பள்ளி ஆனது. ஹண்டரின் அக்கறை எதில் இருந்தது என்று பார்த்தால் பள்ளியின் இயல்பு விளங்கும். சென்னை ராஜதானியின் களிமண் வகைகளைச் சோதித்தார். எந்த மண் செங்கல்லுக்கு ஆகும், எது ஓட்டுக்கு, எது வெண்களிமண் பாத்திரத்துக்கு என்று பிரித்துப் பார்த்தார். மரச்செதுக்கு அச்சு, உலோகச் செதுக்கு அச்சு, மண்பாண்டம் எல்லாம் அங்கே கற்றுத்தரப்பட்டன. 1856-இல் சென்னைப் புகைப்படச் சங்கம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு; புகைப்படம் அன்று ரசாயனமும் கண்ணாடித் தகடுமாக இருந்த ஒரு தொழில். அப்பள்ளிக்குப் பிற்பாடு தலைமை ஏற்ற ராபர்ட் சிஷோம் கட்டடக்கலைஞர். மெரினாவை ஒட்டிய பல்கலைக்கழக செனட் மண்டபம் அவர் வடிவமைத்தது. ஆக, தொடக்க காலத்தில் அந்த வளாகத்தில் சூளை எரிந்தது, உளி ஒலித்தது, தகடு அடிபட்டது. ஓவியம் அவற்றுக்கு நடுவில் இருந்த ஒன்று.

இந்தக் கதையில் மிக வியப்பான அத்தியாயம் அலுமினியம். பொறியியல் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் கலைப்பள்ளியின் பொறுப்பை ஏற்றிருந்த காலத்தில், 1898-இல், அங்கே ஓர் அலுமினியப் பிரிவு தொடங்கியது. அப்போது அலுமினியம் புது உலோகம். செம்பும் பித்தளையும் அடித்துப் பழகிய கன்னார்களின் கைத்திறனை அதற்குத் திருப்ப முடியுமா என்பதுதான் சோதனை. தகட்டை இறக்குமதி செய்து பாத்திரங்கள் அடித்தார்கள். விற்பனை பிடித்துக்கொண்டது, 1903-இல் அந்தப் பிரிவு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நம் அம்மாக்களின் சமையலறையில் அலுமினியக் குண்டான் வந்ததற்குப் பின்னால் இருக்கும் பல காரணங்களில் ஒன்று, எழும்பூர்க் கலைப்பள்ளியின் ஒரு கொட்டகை. சாட்டர்டன் அதோடு நிற்கவில்லை, குரோம் தோல் பதனிடுதலுக்கும் போனார். அரசாங்கமே தொழில் நடத்துவது கண்டு ஐரோப்பிய வணிகர்கள் எதிர்த்தார்கள். 1910-இல் லண்டனிலிருந்து இந்தியாவுக்கான அமைச்சர் மார்லி அத்தகைய முயற்சிகளுக்குத் தடைபோட்டார். தொழில் கற்பிக்கலாம், தொழில் நடத்தக் கூடாது என்பது ஆணையின் சாரம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அந்தப் பள்ளி காலனி அரசின் கருவி. இந்தியருக்கு உயர்கலை வராது, கைத்தொழில்தான் வரும் என்ற எண்ணத்தில்தான் அதற்குத் தொழிற்கலை என்று பேர் வைத்தார்கள். அதைப் போய்ப் பெருமையாகப் பேசலாமா? எண்ணம் அதுதான் என்பதை மறுக்க முடியாது. உயர்கலை தங்களுக்கு, கைவினை உங்களுக்கு என்ற அந்தப் பிரிவு, ஏற்கெனவே கைத்தொழிலாளியைத் தாழ்த்தி வைத்திருந்த நம் சாதி அமைப்போடு வசதியாகப் பொருந்திக்கொண்டது. ஆனால் ஒரு நிறுவனத்தை எதற்காகத் தொடங்கினார்கள் என்பது வேறு, அதில் படித்தவர்கள் அதை என்னவாக மாற்றினார்கள் என்பது வேறு. சென்னையில் நடந்தது இரண்டாவது. கைவினை என்று ஒதுக்கி வைக்கப்பட்ட திறனையே எடுத்து, அதிலிருந்து நவீனச் சிற்பத்தைச் செய்து காட்டினார்கள். அந்த அவமதிப்புக்கு இதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது.

1929-இல் அப்பள்ளியின் தலைமைக்கு வந்த முதல் இந்தியர் தேவிபிரசாத் ராய் சவுத்ரி. மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் செய்தது. நாம் எல்லோரும் பார்த்த சிலைதான், ஆனால் அருகே போய்ப் பார்ப்பவர் குறைவு. நான்கு ஆண்கள் ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். யாரும் முகத்தை நமக்குக் காட்டி நிற்கவில்லை. நான்கு உடம்பும் வெவ்வேறு கோணத்தில் நெம்புகோலோடு சாய்ந்திருக்கின்றன, ஒருவருடைய பாரம் இன்னொருவருடைய தோளுக்கு எப்படி மாறுகிறது என்பதைக் கால் விரல்கள் வரை தொடர்ந்து பார்க்கலாம். வேலை செய்யும் உடம்பைத் தெரிந்த கை அது. கலைப்பள்ளியில் காவலாளியாக இருந்தவர் அதற்கு மாதிரியாக நின்றார். இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது இதே சென்னையில், 1923-இல், சிங்காரவேலர் முன்னின்று நடத்தியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சிலை அங்கே இருப்பது தற்செயலாகத் தெரியாது.

ராய் சவுத்ரிக்குப் பிறகு 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரின் காலத்தில் அந்த வளாகத்தின் உலோகம், சுடுமண், துணிப் பட்டறைகள் ஓவிய வகுப்புக்குப் பக்கத்திலேயே இருந்ததன் பலன் தெரியத் தொடங்கியது. பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டுக்கு வந்தார். செப்புத் தகட்டை அடித்து வளைத்து, அதன் மேல் கம்பியைப் பற்றவைத்துக் கண்ணும் அணியும் செய்தார். கோவில்களில் உற்சவருக்குச் சாத்தும் கவசத்தில் தகடு என்ன செய்கிறதோ அதை அவர் சிற்பமாகவே ஆக்கினார்: உள்ளே திண்ணமில்லை, முன்புறமே முழு உருவம். எஸ். நந்தகோபால் வெல்டிங்கை எடுத்துக்கொண்டார். செம்பும் பித்தளையும் தகடுகளாக வெட்டப்பட்டு, பற்றவைக்கப்பட்டு, திருவாச்சி போல விரிந்து நிற்கும் உருவங்களாயின. மெட்ராஸ் இயக்கம் என்று கலை விமர்சகர்கள் சொல்லும் பாணியின் பெரும்பகுதி கோடும் தகடும்தான். அவற்றுக்கு வேண்டிய சுத்தியல், கத்தரி, கேஸ் கட்டர், வெல்டிங் டார்ச் எல்லாம் அதே அறுபதுகளில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயிரக்கணக்கான கைகளில் இருந்தவை. எழும்பூர்ச் சிற்பியும் அம்பத்தூர் வெல்டரும் ஒரே நெருப்பில் வேலை செய்தார்கள். சந்தித்துக்கொள்ளத்தான் இடம் இல்லாமல் போயிற்று. 1966-இல் பணிக்கரும் அவர் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை அமைத்தபோது நிலம் வாங்கப் பணம் வந்ததும் பட்டறையிலிருந்துதான்: பாத்திக் துணி செய்து விற்று ஈட்டியது. ஓவியம் விற்று வாழ முடியாத காலத்தில் கைவினையே அவர்களைக் காப்பாற்றியது.

கலைப்பள்ளி ஒன்றும் மூடிய தொழிற்சாலை அல்லவே, அதை வைத்து எப்படி வாதாட முடியும் என்று கேட்கலாம். உண்மைதான். மூடிய தொழிற்சாலைக்குச் சென்னையில் உள்ள பெரிய உதாரணம் பெரம்பூர் பின்னி மில். 1870-களின் பிற்பகுதியிலும் 1880-களின் தொடக்கத்திலும் எழுந்த பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரண்டு ஆலைகள் 1920-இல் ஒன்றாக இணைந்தன. அதன் காக்கித் துணி இந்தியா முழுக்கப் போலீஸ்காரர்களுக்கும் படைவீரர்களுக்கும் உடுப்பானது. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகத்தான் தொடங்கப்பட்டது, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார். முறையாக அமைக்கப்பட்ட இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். 1921-இன் நீண்ட வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் செத்தார்கள். 1996-இல் ஆலை மூடியது. அதற்குப் பின் அந்தக் கொட்டகைகளுக்குள் கலை நுழையவே செய்தது: சினிமாவாக. தமிழ் ரசிகர்கள் அதைப் பாடல் காட்சியாகவும், வில்லனின் கிடங்காகவும், சண்டைக் களமாகவும் பல முறை பார்த்திருக்கிறார்கள், இடத்தின் பேர் தெரியாமலே. உயரமான கூரையும் உடைந்த கண்ணாடியும் ஒளிப்பதிவாளருக்குப் பிடித்தன. ஆனால் எந்தப் படமும் அங்கே யார் வேலை செய்தார்கள் என்று கேட்கவில்லை, கேட்பது அதன் வேலையும் அல்ல. நிலத்தில் இப்போது அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. நூறாண்டுக்கும் மேல் ஓடி, தொழிற்சங்க வரலாற்றையே தொடங்கிவைத்த ஓர் ஆலையில் ஒரு தறிக்கூடமாவது பொதுமக்களுக்கென்று மிச்சம் வைக்கப்பட்டிருக்க வேண்டும். வைக்காதது சென்னை தனக்குத் தானே செய்துகொண்ட அநியாயம்.

பக்கத்து மாநிலம் வேறு வழி போனது. 2012 டிசம்பர் 12-இல் கொச்சியில் முதல் பினாலே கலைக் கண்காட்சி திறந்தபோது அதன் முக்கியக் களம் ஃபோர்ட் கொச்சியின் ஆஸ்பின்வால் இல்லம். 1867-இல் ஓர் ஆங்கில வணிகர் நிறுவிய கம்பெனியின் கிடங்கும் அலுவலகமும். மிளகு, தேங்காய் எண்ணெய், இஞ்சி, மஞ்சள், கயிறு என்று ஏற்றுமதியான பொருள்கள் அடுக்கப்பட்ட அறைகளில் ஓவியமும் சிற்பமும் வைக்கப்பட்டன. கேரள அரசு பணம் கொடுத்தது; அதற்காக விமர்சனத்தையும் வாங்கிக்கொண்டது. 2021-இல் ஆலப்புழையில் கயிற்றுத் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் களமாக்கி ‘லோகமே தறவாடு’ கண்காட்சி நடந்தது. அதில் 267 கலைஞர்கள் பங்கேற்றார்கள். ஆலப்புழையில் கவனிக்க வேண்டியது, கயிறு அங்கே இன்னும் சாகாத தொழில். பார்க்க வந்தவர்களில் அந்த இடத்தின் வேலையை அறிந்தவர்களும் இருந்தார்கள். நமக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது, லண்டனில் இல்லை.

இனி வலுவான ஆட்சேபத்துக்கு வருவோம். கலைக்கூடம் என்பது நில வியாபாரத்துக்கு முன்னால் வரும் துடைப்பம், அது பெருக்கிவிட்டுப் போன இடத்தில் வாடகை ஏறும், பழைய குடிகள் வெளியேறுவார்கள் என்று சொல்கிறார்கள். 798-இல் அப்படித்தான் ஆயிற்று. மலிவான வாடகைக்காக வந்த ஓவியர்களையே ஏறிய வாடகை துரத்தியது. காபிக் கடைகளும் துணிக்கடைகளும் இடத்தைப் பிடித்தன. இந்த ஆபத்து அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பொருந்தும். ஆனால் இது கலைக்கூடம் என்பதால் வந்த வினையா, யார் கையில் விட்டார்கள் என்பதால் வந்த வினையா? பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பொம்பேயா என்ற தொழிலாளர் பகுதியில் ஒரு பழைய பீப்பாய்த் தொழிற்சாலை இருந்தது. எழுபதுகளில் அதை இடித்துப் புதுக் கட்டடம் எழுப்புவதுதான் திட்டம். வடிவமைக்க வந்த லினா போ பார்டி வார இறுதியில் போய்ப் பார்த்தபோது, ஒழுகும் கூரைக்கடியில் குழந்தைகள் பந்து விளையாடினார்கள், குடும்பங்கள் சமைத்துச் சாப்பிட்டன. இந்த மகிழ்ச்சி கெடக் கூடாது என்று அவர் முடிவு செய்தார். ஷெட்டுகள் அப்படியே நின்றன. 1982-இல் திறந்த அந்த இடத்தில் நூலகம், அரங்கு, கண்காட்சிக் கூடம், சுடுமண்ணும் மரமும் அச்சும் கற்கும் பட்டறைகள், மலிவான உணவகம் எல்லாம் உண்டு. நடத்துவது வணிகத் துறை முதலாளிகளின் சம்பளப் பட்டியலிலிருந்து வரும் கட்டாயப் பங்களிப்பில் இயங்கும் அமைப்பு. நாற்பதாண்டுக்கு மேலாக அந்தப் பகுதி மக்கள் அதைத் தங்கள் இடமாகவே வைத்திருக்கிறார்கள். பணம் எங்கிருந்து வருகிறது, உள்ளே என்ன வேலை நடக்கிறது என்ற இரண்டும்தான் விதியை எழுதுகின்றன.

வீடில்லாத ஊரில் கலைக்கு ஷெட்டா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. வீடு வேண்டும், மறுப்பவர் யாருமில்லை. ஆனால் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுபவர் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாகப் பொதுவுக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. பூங்காவுக்காக அதை ஏற்றுக்கொண்டு வீடு கட்டுகிறோம், யாருக்கும் வீடு குறைந்துபோகவில்லை. பழைய தொழிற்சாலை மனையாக இருந்தால் அதோடு ஒரு ஷெட்டையும் நிறுத்திவைக்கச் சொல்வது அதிசயமான கோரிக்கை ஆகாது.

கட்டடத்தைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும், ஏனென்றால் பழையது எல்லாம் நல்லது என்று கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையை முறைப்படி அகற்றாமல் குழந்தைகளை உள்ளே விடக் கூடாது. முலாம் பூசும் வேலை நடந்த இடத்தில் மண்ணைச் சோதிக்க வேண்டும். ஆனால் அந்தக் கால ஷெட்டில் ஒரு பெரிய அறிவு இருக்கிறது: ரம்பப்பல் போன்ற கூரை. பல்லின் செங்குத்தான பக்கம் வடக்கே பார்க்கும், அதில் கண்ணாடி. நேர்வெயில் படாமல் நிழலற்ற வெளிச்சம் விழும். லேத்தில் நிற்பவர் அளவுகோலின் கோட்டைப் படிக்கவும், ஆலையில் நூலின் நிறத்தைப் பிரிக்கவும் வேண்டிய வெளிச்சம் அது. ஓவியர்கள் தங்கள் அறைக்குத் தேடுவதும் அதே வடக்கு வெளிச்சம்தான். ஒரே ஒரு திருத்தம்: சென்னை 13 பாகை அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் வடக்குப் பக்கம் சாயும். அந்த மாதங்களில் கண்ணாடிக்குத் தடுப்புப் போட வேண்டும். ஐரோப்பாவின் வரைபடத்தை அப்படியே கொண்டுவந்தால் ஓவியம் வெளுத்துப்போகும்.

ஆவடிக்கு யார் வருவார்கள் என்று நுங்கம்பாக்கத்திலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையின் காட்சிக்கூடங்கள் பெரும்பாலும் நகரத்தின் நடுவிலும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் இருக்கின்றன. 2019-இல் சென்னைப் புகைப்பட பினாலே செனட் மண்டபத்தைத் திறந்து காட்சி வைத்தது நல்ல காரியம், அதுவும் கடற்கரையில்தான். அதே 2019-இல் ஆவடி மாநகராட்சி ஆனது. கோவில்பதாகை, திருமுல்லைவாயில், பட்டாபிராம் பக்கத்தில் பிறந்த பிள்ளை ஓர் அசல் சிற்பத்தைப் பார்க்க மின்ரயில் ஏறி நகரத்துக்குள் போக வேண்டும். ஆகவே நுங்கம்பாக்கம் வருமா என்பது இரண்டாவது கேள்வி. கோவில்பதாகையிலிருந்து நடந்தோ பஸ்ஸிலோ போய்ச் சேரும் தூரத்தில் ஓர் இடம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. அப்படி ஓர் இடத்தில் வெள்ளைச் சுவரும் குளிர்சாதனமும் மட்டும் இருந்தால் வேலை செய்தவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். ஒரு மூலையில் லேத்தும் வெல்டிங் மேடையும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கவின்கலைக் கல்லூரி மாணவர் அங்கே ஐ.டி.ஐ. படித்த பையனிடம் பற்றவைப்பு கற்கட்டும், அவன் இவரிடம் உருவம் கற்கட்டும். மேல்நிலை கிரேனை இறக்கிப் பழைய இரும்புக்குப் போடாமல் சிற்பம் தூக்கப் பயன்படுத்தட்டும்.

ஆவடி, சென்னை மாநகராட்சிகளும் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் இதற்காகப் பெரிய அறிவிப்பு எதுவும் செய்யத் தேவையில்லை. இடிப்பதற்கு அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு தொழிற்கூடத்தையும் இடிக்கும் முன் அளந்து, படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். மனை பெரிதென்றால் ஒரு ஷெட்டை விட்டுவைக்க நிபந்தனை போடுங்கள். அங்கே வேலை பார்த்தவர்களிடம் எந்த இயந்திரம் எங்கே நின்றது, யார் யாருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். இதைத் தள்ளிப்போட முடியாது. முதல் விஜயந்தா வெளியே வந்த ஆண்டில் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது எண்பது வயது ஆகிவிட்டது.